உதவித்தொகை நின்ற பிறகு: அமெரிக்காவில் தனித்து வாழும் தாய்மார்களோடு சமூகப் பணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கவுன்டி எனப்படும் மாவட்ட அளவிலான நலத்துறையோடு சேர்ந்து வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் நான். அரசின் ரொக்க உதவியிலிருந்து வேலைக்கு மாறும் தாய்மார்கள், அவர்களுக்குத் துணையாக அலுவலகத்துக்கு வரும் தன்னார்வலர்கள், இங்கே சமூகப் பணி படிக்க வரும் தமிழ் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நாடு முழுவதற்கும் பொருந்துவதை அப்படியே சொல்லியிருக்கிறேன். மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டதை அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

வெல்ஃபேர் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். சரியாக அது எது?

பேச்சுவழக்கில் எல்லா அரசு உதவிக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் ‘வெல்ஃபேரிலிருந்து வெளியேறுதல்’ என்னும்போது குறிப்பது டானிஃப் என்ற மாதாந்தர ரொக்க உதவியை மட்டுமே. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கிய பழைய திட்டத்தை நீக்கிவிட்டு, 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இதைக் கொண்டுவந்தது. பழைய திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்குப் பணம் தந்தே ஆக வேண்டும். புதிய திட்டத்தில் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,650 கோடி டாலர் மொத்தமாகத் தரப்படுகிறது. எவ்வளவை ரொக்கமாகக் கொடுப்பது என்பதைப் பெருமளவு மாநிலங்களே முடிவு செய்கின்றன. அந்தத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படவே இல்லை.

ரொக்கமாகக் கிடைப்பது எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மிசிசிப்பியில் மூவர் கொண்ட குடும்பத்துக்கு உச்சத்தொகை மாதம் 170 டாலராக இருந்து, 2021இல்தான் 260 டாலராயிற்று. ஸ்நாப் எனப்படும் உணவு உதவி, மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீடு, டேகேர் மானியம், செக்‌ஷன் எட்டு வாடகை உதவி ஆகியவை தனித்தனித் திட்டங்கள். அவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இந்த ஒன்று பிடிபட்டால் கீழே வருவதில் பாதி தானே விளங்கும்.

ஐந்து வருடம் முடிந்துவிட்டால் வாழ்நாளில் இனிக் கிடைக்கவே கிடைக்காதா?

கூட்டாட்சி அரசின் பணத்திலிருந்து ஒரு பெரியவர் பெறக்கூடியது மொத்தம் 60 மாதங்கள். சில மாநிலங்கள் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கின்றன. கடுமையான இக்கட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு, மொத்தக் குடும்பங்களில் 20 விழுக்காடு வரை, மாநிலம் விலக்கு அளிக்கலாம்.

இந்த மாதங்கள் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. உதவி பெற்ற மாதங்கள் மட்டுமே கணக்கில் சேரும். 22 மாதங்களில் வெளியேறியவருக்கு 38 மாதங்கள் மிச்சம் இருக்கும். ஆகவே, ‘கடைசி மாதம் வரை இழுத்துப் பார்ப்போம்’ என்பதைவிட, வேலை நிலைத்தவுடன் வெளியேறி மிச்ச மாதங்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது என்றே தாய்மார்களிடம் சொல்லி வருகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது, பணமும் நின்றுவிட்டது. மெடிக்கெய்ட் அட்டையையும் ஃபுட் ஸ்டாம்ப் (ஸ்நாப்) அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா அக்கா?

வேண்டாம். 1996க்குப் பிறகு தகுதி இருந்தும் பல்லாயிரம் குடும்பங்கள் மருத்துவக் காப்பீட்டையும் உணவு உதவியையும் இழந்ததற்கு இந்த எண்ணமே ஒரு பெரிய காரணம். ரொக்கம் நின்றதும் எல்லாம் நின்றுவிடும் என்று தாய்மார்கள் நினைத்தார்கள். சில அலுவலகங்களும் அப்படியே நடந்துகொண்டன.

சம்பளம் உயர்ந்ததால் மெடிக்கெய்ட் தகுதியை இழக்கும் பெற்றோருக்கு 12 மாதங்கள் வரை காப்பீடு தொடர வழி இருக்கிறது. இந்த ‘இடைக்கால மருத்துவ உதவி’ 1988இல் சட்டமாகி, 2015இல் நிரந்தரமாக்கப்பட்டது. சில மாநிலங்களில் நடுவில் வருமான விவரம் அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தைத் தவறவிட்டால் ஆறாம் மாதத்திலேயே நின்றுவிடும். ஸ்நாப் உதவியையும், டானிஃபிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு ஐந்து மாதங்கள் வரை குறைக்காமல் நிலையாக வைத்திருக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. 2025 ஜூலை 4 அன்று சட்டமான மாற்றங்களின்படி, கடைசிக் குழந்தைக்கு 14 வயது நிரம்பிய பெற்றோரும் ஸ்நாப் தொடர மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். வேலையில் இருப்பவருக்கு இது எட்டாத அளவில்லை. ஆனால் சம்பளச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

காப்பீட்டில் ஒரு பள்ளம் இருப்பதை மறைக்கக்கூடாது. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்று, வருமானம் குறைந்த எல்லாப் பெரியவர்களுக்கும் மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலங்களில், அந்த 12 மாதங்கள் முடிந்ததும் குழந்தைகளுக்குக் காப்பீடு தொடர்ந்தாலும் தாய்க்கு இல்லாமல் போகலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே சம்பாதிப்பதால் அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீட்டுக்கான மானியமும் அவருக்குக் கிடைக்காது. இதை ஆறு மாதங்களுக்கு முன்பே சொல்லி, இலவச சமூக மருத்துவ நிலையம் ஒன்றில் பதிவு செய்து வைப்பது நம் வேலை.

கேஸ் ஒர்க்கரும் சமூகப் பணியாளரும் ஒன்றுதானே?

இல்லை. கேஸ் ஒர்க்கர் என்பவர் பெரும்பாலும் தகுதியைக் கணக்கிட்டு, படிவங்களைச் சரிபார்த்து, தொகையை முடிவு செய்யும் அரசு ஊழியர். ஒரே நேரத்தில் பல நூறு குடும்பங்களின் கோப்புகள் அவர் மேசையில் இருக்கக்கூடும். அவர்மீது கோபப்படுவதில் பொருளில்லை. சமூகப் பணியாளர் குடும்பத்தின் பக்கம் நின்று, வேலை, குழந்தை, வீடு, உடல்நலம், அச்சம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து, எது முதலில் உடையும் என்று முன்கூட்டியே கணிப்பவர்.

குழந்தைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் சமூகப் பணியாளர் என்றாலே வாய் திறக்காத தாய்மார்கள் உண்டு. குழந்தைக்குத் துன்புறுத்தலோ கடுமையான கவனிப்பின்மையோ நேர்வதாக நியாயமான ஐயம் எழுந்தால் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை எங்களுக்கு உண்டுதான். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பாலில்லை, வாடகை பாக்கி என்பதைச் சொன்னதற்காகக் குழந்தையைப் பிரிப்பதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கேஸ் (உதவிக் கோப்பு) எப்படி மூடினால் என்ன? எப்படியும் மூடத்தானே போகிறது?

எப்படி மூடுகிறது என்பதில்தான் அடுத்த ஓராண்டு அடங்கியிருக்கிறது. ‘வருமானம் உயர்ந்ததால்’ என்று மூடிய கேஸுக்கு முன்னே சொன்ன இடைக்கால உதவிகளின் கதவு திறக்கும். ‘படிவம் வராததால்’, ‘வேலை விதியை மீறியதால்’ என்று மூடினால் அவற்றில் பல கிடைக்காமல் போகும்.

ஒரு தாய், மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை என் மேசைமேல் வைத்தார். உள்ளே பிரிக்காத உறைகள் பத்தொன்பது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ‘இனி அலுவலகத்தோடு நமக்கென்ன’ என்று விட்டுவிட்டார். வேலை கிடைத்ததை அவர் தெரிவிக்கவில்லை. ஆறுமாதப் புதுப்பிப்புப் படிவமும் அந்த உறைகளில் ஒன்றில் கிடந்தது. கேஸ் ‘படிவம் வராததால்’ மூடியிருந்தது. சம்பளச் சீட்டுகள் நான்கையும் இணைத்து, மூடிய காரணத்தைத் திருத்தக் கோரி ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். காரணம் திருத்தப்பட்ட பிறகுதான் அவருடைய காப்பீடு திரும்பியது. ஆகவே, வேலை கிடைத்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்ததற்கான ரசீதை வாங்குங்கள். மூடிய காரணம் எழுதிய கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு விடை காண்பதில்தான் அதிக நேரம் செலவாகிறது. தனித்து வாழும் பெற்றோர் டானிஃபில் வாரம் 30 மணி நேரமும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் 20 மணி நேரமும் வேலை செய்வதாகக் காட்ட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்ற பராமரிப்பு கிடைக்கவில்லை என்று நிறுவினால், அதற்காகத் தாயைத் தண்டித்து உதவியைக் குறைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்த விதியை அறிந்த தாய்மார்கள் மிகக் குறைவு.

வெளியேறிய பிறகும் டேகேர் மானியம் தொடரலாம். மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் அளவு) 85 விழுக்காடு வரை கூட்டாட்சி விதி இடம் தருகிறது. பல மாநிலங்கள் அதற்குக் கீழேயே எல்லை வைத்துள்ளன. 2014இன் திருத்தத்துக்குப் பிறகு, ஒருமுறை தகுதி பெற்றால் 12 மாதங்கள் நிலைக்கும். இடையில் வேலை போனாலும் பல இடங்களில் குறைந்தது மூன்று மாதங்கள் தேடிக்கொள்ள அவகாசம் உண்டு.

மானியம் கிடைத்தும் வேலை போவதைப் பார்த்திருக்கிறேன். டேகேர் காலை ஆறரைக்குத் திறக்கும். ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்கும். இரண்டு பேருந்து மாற வேண்டும். இதைக் காகிதத்தில் பார்த்தால் தெரியாது. வேலைக்குச் சேரும் முன் ஒருநாள் தாயும் நானும் அதே நேரத்துக்கு அதே பேருந்துகளில் போய்ப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

சம்பளம் கூடினால் நஷ்டம் என்கிறார்களே? கூடுதல் மணி நேரம் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

இரண்டு குழந்தைகளோடு, மணிக்கு 15 டாலர் வீதம் வாரம் 30 மணி நேரம் உழைக்கும் தாயை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 23,400 டாலர். மூவர் குடும்பத்துக்கான 2025ஆம் ஆண்டு வறுமைக் கோடு 26,650 டாலர். இவர் கூடுதலாக 100 டாலர் ஈட்டினால் சம்பள வரியாக 7.65 டாலர் போகும். செக்‌ஷன் எட்டு வீட்டில் வாடகை ஏறத்தாழ 30 டாலர் உயரும். ஸ்நாப் ஏறத்தாழ 27 டாலர் குறையும். கையில் நிற்பது 35 டாலர் அளவே. அதோடு, 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 23,350 டாலரைத் தாண்டிய பிறகு, கீழே விளக்கியிருக்கும் ஈட்டிய வருமான வரிச் சலுகையும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 21 டாலர் வீதம் குறையத் தொடங்கும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று தாய்மார்கள் சொல்வது வீண் புலம்பல் இல்லை.

ஆனாலும், மேலே சொன்னவை படிப்படியாகக் குறைபவை. எந்த இடத்திலும் சம்பளம் கூடியதால் மொத்தம் குறைந்துவிடவில்லை. உண்மையான பள்ளம் டேகேர் மானிய எல்லையிலும் காப்பீட்டு எல்லையிலும்தான் இருக்கிறது. அங்கே ஒரு டாலர் கூடினாலும் முழு உதவியும் போகக்கூடும். எனவே பொதுவாக ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், உங்கள் மாநிலத்தில் அந்த இரண்டு எல்லைகளும் எங்கே இருக்கின்றன என்று சமூகப் பணியாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாடகை உதவி பெறுபவர்கள் ‘குடும்பத் தற்சார்புத் திட்டம்’ இருக்கிறதா என்று வீட்டுவசதி அலுவலகத்தில் கட்டாயம் கேட்க வேண்டும். 1990இல் தொடங்கிய இத்திட்டத்தில், சம்பளம் உயர்ந்ததால் கூடும் வாடகைக்கு இணையான தொகை தாயின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் ஏறும். பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தம் அது. முடியும்போது வேலையில் இருந்து, குடும்பத்தில் எவரும் ரொக்க உதவி பெறாதிருந்தால் அந்தப் பணம் முழுவதும் அவருடையது.

என் சம்பளத்தில் வருமான வரியே பிடிப்பதில்லை. நான் ஏன் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்?

வரி கட்டுவதற்காக அல்ல, வாங்குவதற்காக. 1975 முதல் இருக்கும் ‘ஈட்டிய வருமான வரிச் சலுகை’ வரியே கட்டாதவருக்கும் பணமாகக் கிடைக்கும். முன்னே பார்த்த 23,400 டாலர் தாய்க்கு 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 7,100 டாலர் வரும். குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் திரும்பக் கிடைக்கும் பகுதியையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். மிசிசிப்பியின் ரொக்க உதவி ஆண்டு முழுவதற்கும் 3,120 டாலர்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாக்கல் செய்யாமல் விட்டவர்கள் மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கியும் கோரலாம்.

இந்தப் பணத்தை ஸ்நாப், மெடிக்கெய்ட் அலுவலகங்கள் வருமானமாகக் கணக்கிடக்கூடாது. 12 மாதங்கள் வரை சேமிப்பாகவும் கணக்கிடக்கூடாது. கட்டணம் பிடித்துக்கொண்டு ‘இன்றே பணம்’ தருவதாக அழைக்கும் கடைகளுக்குப் போகாதீர்கள். வீட்டா எனப்படும் தன்னார்வ மையங்களில் இலவசமாகவே தாக்கல் செய்து தருவார்கள். இந்தச் சலுகை கோரிய கணக்குகளுக்குப் பிப்ரவரி நடுவுக்கு முன் பணம் வராது. அதை நம்பி ஜனவரி வாடகைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

குழந்தையின் அப்பா கட்டும் பராமரிப்புத் தொகை எனக்கு வருவதே இல்லையே, ஏன்?

டானிஃப் பெறும்போது அந்தத் தொகையைப் பெறும் உரிமையை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். மாநிலம் அதைத் தன் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறது. சில மாநிலங்கள் ஒரு பகுதியைத் தாய்க்குத் தருகின்றன. அம்மாத நடப்புத் தொகை முழுவதையும் கொலராடோ 2017இலிருந்து குடும்பத்துக்கே தருகிறது.

வெளியேறிய மாதத்திலிருந்து நடப்புத் தொகை உங்களுக்கே வர வேண்டும். நடைமுறையில் முகவரியும் வங்கிக் கணக்கும் புதுப்பிக்கப்படாமல் பணம் தேங்குவதுண்டு. கேஸ் மூடிய வாரமே பராமரிப்புத் தொகை அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். உதவி பெற்ற காலத்துப் பழைய பாக்கி வேறு கணக்கு. அது மாநிலத்துக்குப் போகலாம்.

குழந்தையின் அப்பா அடித்ததால்தான் வெளியே வந்தேன். பராமரிப்புத் தொகைக்காக அவர் பெயரைக் கொடுத்தால் தேடி வந்துவிடுவாரே?

உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் ‘தக்க காரணம்’ காட்டி விலக்குக் கோரலாம். குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கு வேலை விதியையும் கால எல்லையையும் தற்காலிகமாகத் தளர்த்த 1996 சட்டமே மாநிலங்களுக்கு இடம் தந்துள்ளது. பெரும்பாலான மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன. அலுவலகம் தானாகக் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். தனி அறையில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். துணைக்கு வரும் தன்னார்வலர்கள் இந்தக் கேள்வியைக் குழந்தைகளின் முன்னிலையில் ஒருபோதும் எழுப்பக்கூடாது.

நான் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்தவள். எனக்கு இதில் எதுவும் உண்டா?

ரொக்க உதவியும் ஸ்நாப்பும் எச்-4 விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஐந்தாண்டுக் காத்திருப்பு உண்டு. ஆனால் இங்கே பிறந்த உங்கள் குழந்தை குடிமகன். அதன் பெயரில் விண்ணப்பிக்கலாம். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவு தரும் விக் திட்டம் விசா நிலையைப் பார்ப்பதில்லை. கணவரின் வன்முறைக்கு ஆளான எச்-4 மனைவியர் தனியாக வேலை அனுமதி கோரச் சட்டத்தில் வழி உண்டு; கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் அவர் துணையின்றியே குடியேற்ற மனு போடலாம். எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

மொழிக்காகத் தயங்க வேண்டாம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, கூட்டாட்சி நிதி பெறும் அலுவலகம் உங்களிடம் கட்டணம் வாங்காமல் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார்கள். பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

சமையல் வேலையை விட்டு நர்சிங் உதவியாளர் படிப்புக்குப் போக ஆசை. விடுவார்களா?

டானிஃபில் இருக்கும்போது தொழிற்படிப்பை ‘வேலை’யாகக் கணக்கிட ஒருவருக்கு மொத்தம் 12 மாதங்களே இடம். நர்சிங் உதவியாளர் படிப்பு சில வாரங்களிலேயே முடிவதால் அதற்குள் அடங்கும். முழு நர்ஸ் பட்டம் அடங்காது. முதலில் குறும்படிப்பு, பிறகு வேலையில் இருந்துகொண்டே பெல் எனப்படும் கூட்டாட்சி அரசின் கல்வி உதவியோடு அடுத்த படி என்று போனவர்களே என் அனுபவத்தில் அதிகம் நிலைத்தார்கள்.

உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்திருக்கிறது. தவறு அவர்களுடையது. என்ன செய்ய?

கடிதத்தின் தேதியைப் பாருங்கள். விசாரணையின்றி உதவியை நிறுத்தக்கூடாது என்று 1970இல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் வழியில் வந்ததே இன்றைய ‘நியாயமான விசாரணை’ உரிமை. குறைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன், பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் விசாரணை கோரினால், முடிவு வரும்வரை பழைய தொகையே தொடரும். விசாரணையில் தோற்றால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டே கோர வேண்டும். சட்ட உதவி மையங்கள் கட்டணமின்றி உடன் வருவார்கள்.

தாய் எடுக்கும் முடிவு தவறென்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. தடுக்கக்கூடாதா?

இதைக் கேட்பவர்கள் மாணவர்கள். கணக்கைக் காட்டுங்கள், விளைவைச் சொல்லுங்கள், உங்கள் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிவை அவரிடம் விடுங்கள். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமையை மதிப்பது எங்கள் தொழில் நெறியின் அடிப்படை.

நல்ல சம்பளமுள்ள இரவு ஷிப்டை ஒரு தாய் மறுத்தபோது நானும் மனம் பொறுக்காமல் வாதாடினேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குழந்தையை இரவில் விட ஏன் அஞ்சுகிறார் என்பதை மூன்றாம் சந்திப்பில்தான் சொன்னார். கேட்ட பிறகு, அவர் முடிவே சரி என்று எனக்கும் தோன்றியது.

கேஸ் மூடிய பிறகும் தாயைச் சந்தித்து உதவினால் அவருடைய 60 மாதக் கணக்கில் சேர்ந்துவிடாதா?

சேராது. வேலையில் இருக்கும் குடும்பத்துக்குத் தரப்படும் டேகேர் உதவி, பேருந்துக் கட்டணம், ஆலோசனை ஆகியவை விதிப்படி ரொக்க ‘உதவி’ ஆகா. வண்டி பழுது, வாடகைப் பாக்கி போன்ற திடீர் நெருக்கடிக்கு நான்கு மாதங்களுக்கு மிகாமல் தரும் ஒருமுறைத் தொகையும் அப்படியே. தங்களுக்குக் கிடைக்கும் டானிஃப் நிதியில் மாநிலங்கள் நேரடி ரொக்கத்துக்குச் செலவிடுவது கால்பங்கை ஒட்டியே இருப்பதால், இவற்றுக்கு இடம் இருக்கிறது; கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும்.

முதல் ஆண்டில் மாதம் ஒருமுறையாவது பேசுங்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் ஆகிய மூன்றையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஷிப்ட் மாற்றமும், படிவமும், காப்பீட்டின் முடிவும் பெரும்பாலும் அந்தச் சமயங்களில்தான் வந்து சேர்கின்றன.

வேலை போய்விட்டது. மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போக வெட்கமாக இருக்கிறது. போகலாமா?

போகலாம். வெளியேறியவர்கள் பெரும்பாலும் வேலைக்குத்தான் போகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பவை மணி நேரம் நிலையில்லாத, நோய் விடுப்பு இல்லாத வேலைகள். குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தாலே அத்தகைய வேலை போய்விடும்.

முதலில் வேலையிழப்புக் காப்பீட்டுக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள்; சில மாத உழைப்புக்கே சில மாநிலங்களில் கிடைக்கும். டேகேர் மானியத்தின் மூன்று மாத அவகாசத்தை உடனே பதிவு செய்யுங்கள். குழந்தையின் இடத்தை விட்டுவிட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். அதன் பிறகு டானிஃபுக்கு விண்ணப்பியுங்கள். மிச்ச மாதங்கள் எத்தனை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பையோடு வந்த அதே தாய் ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்ப வந்தார். இம்முறை நீல நிறக் கோப்பு ஒன்று கையில் இருந்தது: மூடிய காரணம் எழுதிய கடிதம், கடைசி எட்டுச் சம்பளச் சீட்டுகள், வேலையை விட்டு நிறுத்திய கடிதம், டேகேர் ரசீது. அன்றே விண்ணப்பம் பதிவாயிற்று. அவர் கணக்கில் இன்னும் 31 மாதங்கள் இருந்தன. ஐந்து மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டன.